பரம்பரையா, வாய்க்கட்டுப்பாடா?



வகுப்பில் உடல் பருத்த தோழியைப் ‘பூசணி’ என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். வாயைக் கட்டத் தெரியாதவள் என்றே நினைத்தோம். இன்று எங்களில் பலருடைய இடுப்பு அவளுடையதை மிஞ்சிவிட்டது.

1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஓமோனைக் கண்டறிந்தார்கள். உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்வது அது. 1997இல் கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள், இதற்கான பரம்பரையலகு பழுதான பாகிஸ்தானிய வம்சாவளிப் பிள்ளைகள் இருவரைப் பற்றி எழுதினார்கள். ஓயாத பசி அவர்களுக்கு. மூத்த சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, நிறையும் இறங்கியது. அதுவரை அந்தப் பிள்ளையிடம் மனவுறுதியா குறைந்திருந்தது?

இது மிக அரிதான நோய்தான். எங்கள் கதை வேறு. பசறை, ஹாலிஎல மலைகளில் கூடை சுமந்து ஏறி இறங்கிய எங்கள் பாட்டிமார் மெலிந்திருந்தது வாய்க்கட்டுப்பாட்டாலா? ரொட்டியும் சம்பலும் கிடைத்த நாளில் வயிறு முட்டத்தான் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதை மலை எரித்தது. அதே உடம்பை நாங்கள் கொழும்பிலும் டொரொண்டோவிலும் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறோம். பரம்பரை மாறவில்லை, மலைதான் போய்விட்டது. ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள்.

பட்டினி கிடந்து நிறை குறைத்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். குறைத்த நிறை திரும்புவது அதனால்தான், அது வெட்கப்படும் விஷயமல்ல. தட்டின் முன் மனதோடு மல்லுக்கட்டுவதைவிட, சீனிப் போத்தலை மேசையிலிருந்து எடுத்துவிடுவதும், தினமும் நடப்பதும் எங்களால் முடியும்.

அந்தத் தோழி இதோ முன்வரிசையில் இருக்கிறாள். தேநீர் வேளையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறோம்.