காசநோயாளிக்கு வேண்டியது பரிகாரமா? பராமரிப்பா?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தோழர்களிடையே பேசியதன் சுருக்கம்)



மூச்சு சம்பந்தமான வியாதி கொண்டவர்களைப் பேணுவது பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். அதை இங்கே பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கத்தில் கல் குவாரிகள் இருக்கின்றன. பாறையை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியை வருஷக் கணக்கில் உள்ளே இழுப்பவரின் நுரையீரல் தழும்பேறிப் போகிறது. அப்படிப்பட்டவரைக் காசநோய் மற்றவர்களைவிடச் சுலபத்தில் பற்றிக்கொள்ளுகிறது. விறகடுப்புப் புகையில் வெந்து இருமும் பெண்களின் கதையோ தனிக்கதை.

இப்படி இருமுகிறவரைக் கண்டால் நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஜாதகத்தைப் புரட்டுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கடைசியில் “தலைவிதி” என்று சொல்லிவிடுகிறார்கள். காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1882-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதியே எடுத்துக் காட்டிவிட்டார். அந்தக் கிருமிக்கு ஜாதியும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்றோட்டமில்லாத அறையும் பட்டினி கிடந்த உடம்புமேயாகும்.

மற்றொரு கொடுமை, நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்குவது. இந்நோய் இருமும்போதும் பேசும்போதும் காற்றின் வழியாகப் பரவுகிறதேயொழிய, தட்டின் வழியாக அல்ல. தட்டை ஒதுக்கிவிட்டு ஜன்னலைச் சாத்தி வைப்பவனை என்னவென்று சொல்லுவது? அதிலும் புருஷனுக்கு நோய் வந்தால் பெண்ஜாதி இராப்பகலாகப் பணிவிடை செய்ய வேண்டுமாம். பெண்ஜாதிக்கு வந்தால் தாய் வீட்டிற்கு அனுப்பிவிட வேண்டுமாம்! இது என்ன நியாயம்? நோயாளியைப் பேணுவது பெண்ணுக்கு மாத்திரம் எழுதி வைத்த வேலையா?

வீட்டில் வைத்துப் பேணினால் எல்லோருக்கும் தொற்றிவிடாதா என்று கேட்பீர்கள். இதற்கு நம் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1956-ல் அங்கு ஏற்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரை சானடோரியத்திலும், மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், சாதாரண உணவு உண்டு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப்போலவே குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு அதனால் அதிகமாக நோய் வரவும் இல்லை. உலகமே இதைப் பார்த்துத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. நாம் மட்டும் தட்டை ஒதுக்கிக் கொண்டிருக்கிறோம்!

ஆகவே செய்யவேண்டியது இதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். சளியை மூடியுள்ள பாத்திரத்தில் துப்பச் செய்யுங்கள். மூச்சு வாங்குகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள். பத்தியம் என்ற பேரால் முட்டையையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள். இருமல் நின்றுவிட்டதென்று மாத்திரையை நடுவில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு மசியாத நோயாகவும் மாறக்கூடும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட்டே தீரவேண்டும். சாப்பாட்டிற்காக மாதம் 500 ரூபாயாக இருந்த சர்க்கார் உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது பிச்சையல்ல, உரிமை; கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. காசநோயால் ஏற்படும் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திற்குள்ளேயே நேருகிறது. அதனால்தான் 2022-ல் தமிழ்நாட்டில் “காசநோய் இறப்பில்லாத் திட்டம்” ஆரம்பிக்கப்பட்டது. அதில் நர்சு முதலிய ஊழியர்கள் பார்ப்பது என்ன? உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிஷத்திற்கு 24 தடவைக்குமேல் மூச்சு வாங்குகிறதா, இரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போய்விட்டதா, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவைதான். இவற்றில் ஆபத்து தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்! ஆக்சிஜனைப் பார்க்கத்தான் கருவி வேண்டும். மற்றவற்றைப் பார்க்கக் கண்ணும், மூச்சை எண்ண ஒரு கடிகாரமும் போதாதா? நாளும் கோளும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிஷ மூச்சை எண்ணத் தெரியாதா? அந்த ஒரு நிமிஷத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

ஆதலால் தோழர்களே! இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளியைச் சோதிக்கக் கொண்டுபோங்கள். நோயாளியைப் பேணும் வேலையை ஆண்களும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். பரிகாரத்திற்குச் செலவழிக்கும் காசில் முட்டை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.