நாலு பேரும் ஒரு நாயும் கொஞ்சம் ஹாக்கியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இன்றைய பொறியாளரின் சமூகப் பொறுப்புகள்’. நல்ல தலைப்புதான். ஆனால் எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதைப் பேசி முடித்துவிட்டார்கள். மணி பன்னிரண்டரை ஆகிறது. பந்தியில் இலை போட்டாச்சு என்று ஒரு சீட்டு வேறு வந்திருக்கிறது. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். அது எங்கள் விடுதி டி.வி. அறை.

நான் இங்கே படித்தது 2004 முதல் 2008 வரை. சேர்மாதேவி தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு பக்கம் தாமிரபரணி, இன்னொரு பக்கம் கன்னடியன் கால்வாய். அப்பேர்ப்பட்ட ஊரில் எங்கள் மாடிக் குழாயைக் காலை ஏழு மணிக்குத் திறந்தால் காற்றுதான் வரும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடப்போம். குளித்துவிட்டு வந்தால் முதல் பீரியட் போயிருக்கும். “ஏம்ல லேட்டு?” என்று சார் கேட்பார். “ஆத்துல தண்ணி ஜாஸ்தி சார்” என்போம். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், சிரித்துவிடுவார்.

இப்படிக் குறை சொல்வதில் நாங்கள் நாலு பேர் கைதேர்ந்தவர்கள். கல்லிடைக்குறிச்சிக்காரன் ஒருத்தன். மெஸ்ஸில் அப்பளம் வைக்கும் நாளெல்லாம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதுக்குப் பேரு அப்பளமா? எங்க ஊர்ல இத ஜன்னலுக்குக்கூட அடிக்க மாட்டாங்க” என்பான். பத்தமடைக்காரன் ஒருத்தன். ‘பத்தமடைப் பாய் கொண்டு வாரேன்’ என்று இரண்டு வருஷம் ஆசை காட்டி, கடைசியில் கொண்டுவந்தது முரட்டுக் கோரைப்பாய். “பட்டுப்பாய்னா நெய்யவே மாசக்கணக்குல ஆகும்டே, ஒங்களுக்கெல்லாம் இது போதும்” என்றான். டி.வி. அறையில் நாங்கள் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் அந்தப் பாயில்தான். மூன்றாவது நான். நாலாவது கோவில்பட்டிக்காரன்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரனுக்கு ஹாக்கி. இந்தியாவே கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்திலும் அங்கே தெருவுக்கு நாலு பையன் ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போவான். பின்னாளில் கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் வந்தது. எங்கள் ஆள் ஆடி வளர்ந்ததெல்லாம் கட்டாந்தரையில். முழங்காலைப் பார்த்தால் தெரியும். அவன் வந்த பிறகுதான் டி.வி. அறையில் கிரிக்கெட் கூட்டம் கலைந்தபின் ஹாக்கி வைக்க ஆரம்பித்தோம். முதலில் எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியவில்லை. “பந்தைப் பார்க்காதலே, ஆளு எங்க ஓடுதான்னு பாரு” என்றான். பார்த்தேன். அதன் பிறகு என்னால் வேறு ஆட்டம் பார்க்க முடியவில்லை.

இந்திய ஹாக்கி ரசிகனுக்குக் குறை சொல்ல விஷயம் தேட வேண்டியதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2000-இல் சிட்னியில் போலந்தை ஜெயித்தால் அரையிறுதி என்ற நிலை. ஒரு கோல் முன்னிலை. கடைசி இரண்டொரு நிமிஷத்தில் கோல் வாங்கி 1-1. போச்சு. இதற்குக் கோவில்பட்டிக்காரன் வைத்த பெயர் ‘கடைசி நிமிஷ வியாதி’. அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

இனி நாய். மெஸ்ஸுக்குப் பின்னால் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி அது. ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், கூரான மூஞ்சி. “ஏ, இது சிப்பிப்பாறை சாதிடே, கலப்பாத்தான் இருக்கும்” என்று கோவில்பட்டிக்காரன் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். சிப்பிப்பாறை அவர்கள் கரிசல் வட்டாரத்து ஊர். முயல் விரட்டப் பேர்போன நாய். அதிலும் அவனுக்கு ஒரு குறை உண்டு. 2005 ஜனவரியில் தபால்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் உண்டு. சிப்பிப்பாறை இல்லை. “செக்கச் செவேல்னு மூக்கு இருந்தா ஸ்டாம்பு போடுவானா? ஓட விட்டுப் பாக்கணும்லா!” இதை அவன் நாலு வருஷமும் சொன்னான்.

நாய்க்குப் பெயர் கார்னர். டி.வி. அறையின் மூலையில் படுக்கும் என்பதால் அந்தப் பெயர் என்று வார்டனிடம் சொன்னோம். உண்மை வேறு. பெனால்டி கார்னர் பார்த்திருப்பீர்கள். கோல் கோட்டுக்குப் பின்னால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் நிற்கலாம். பந்தைப் பின்கோட்டிலிருந்து உள்ளே தள்ளும்வரை அசையக் கூடாது. தள்ளியதும் பாய வேண்டும். மைதானத்தில் சாயங்காலம் இவன் பழகும்போது இந்தக் குட்டி கோட்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். பந்து கிளம்பியதும்தான் பாயும். ஒரு தடவைகூட முந்தியதில்லை. மனுஷன் முந்திவிடுவான்.

2007 ஆகஸ்டில் ‘சக் தே இந்தியா’ படம் வந்து, திடீரென்று விடுதியில் எல்லாருக்கும் ஹாக்கி தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் ஆசியக் கோப்பை. செப்டம்பர் 8, சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். கல்லிடைக்குறிச்சிக்காரன் கழிவறைப் பக்கம் ஒற்றைக்காலில் நின்றபடியே விழுப்புரம் வரை ரயில்வேயைத் திட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இறுதிப் போட்டி. தென்கொரியாவை 7-2 என்று அடித்தார்கள். ஏழு கோல்! அன்றைக்கு வியாதி, வைத்தியம் எதுவும் பேச இடமில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் திரும்பி வந்த ஒரே பயணம் அதுதான்.

பதினைந்தே நாள். செப்டம்பர் 24-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஓவர் உலகக் கோப்பையை தோனி தூக்கினார். நாடே திரண்டது, பரிசுகள் குவிந்தன. எங்களுக்கு வருத்தம் போதாதென்று, ஆசியக் கோப்பை வென்ற அணியின் கர்நாடக வீரர்கள் உண்ணாவிரதம் இருக்கப்போகிறோம் என்று சொல்லும் அளவுக்கு விஷயம் போனது. அந்தச் செய்தி வந்த பேப்பரைக் கோவில்பட்டிக்காரன் மடித்து பெட்டிக்குள் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நடந்ததைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். பல்கலைக்கழக ஹாக்கி அணித் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அதே நாள் காலையில் வளாக நேர்முகம். பெரிய கம்பெனி. ராத்திரி டி.வி. அறையில் பாயில் உட்கார்ந்து எங்களைக் கேட்டான். மற்ற இரண்டு பேரும் மழுப்பினார்கள். நான்தான் தெளிவாகச் சொன்னேன்: “உண்ணாவிரதம் இருக்கப்போறம்னு சொன்னது யாரு? இந்தியாவுக்கு ஆடினவன். அவனுக்கே அந்தக் கதின்னா ஒனக்கு ஹாக்கி சோறு போடுமாலே?”

அவன் நேர்முகத்துக்குப் போனான். வேலையும் கிடைத்தது. எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தான்.

2008 மார்ச் 10, திங்கட்கிழமை காலை. சிலி நாட்டு சாண்டியாகோவில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று இறுதிப் போட்டியில் பிரிட்டனிடம் இந்தியா 0-2 என்று தோற்றுவிட்டது என டி.வி. செய்தியில் சொன்னார்கள். ஜெயித்தால்தான் பெய்ஜிங். 1928-லிருந்து எண்பது வருஷமாக இந்திய ஹாக்கி அணி இல்லாத ஒலிம்பிக் கிடையாது. அன்றைக்கு முடிந்தது. எட்டுத் தங்கம் வாங்கிய நாடு வாசல்படி தாண்டவில்லை. அந்த அறையில் அப்போது இருபது பேர் இருந்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட் செய்திக்குக் காத்திருந்தவர்கள். கோவில்பட்டிக்காரன் எழுந்து கார்னரை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். கொழுந்துமலைப் பக்கம் பார்த்து ஒரு மணி நேரம் பந்தை அடித்துக்கொண்டே இருந்தான். நாய் எடுத்து வந்துகொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஓரத்தில் நின்றோம். யாரும் கூப்பிடவில்லை.

படிப்பு முடிந்தது. அந்த வருஷம் உலகம் முழுக்கப் பொருளாதாரச் சரிவு. வேலை கொடுத்த கம்பெனி, சேரும் தேதியைத் தள்ளி வைத்தது. மறுபடி தள்ளியது. பதினோரு மாதம் அவன் வீட்டில் இருந்தான். விடுதியைக் காலி செய்யும்போதே கார்னரையும் ஒரு சரக்கு வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோயிருந்தான். அந்தப் பதினோரு மாதமும் காலை ஐந்தரைக்குச் சின்னப் பையன்களுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். காசு வாங்கவில்லை. பந்து பொறுக்க நாய். வேலையில் சேர்ந்து சென்னைக்குப் போன பிறகும் ஊருக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் மைதானம்தான். கார்னர் பன்னிரண்டு வருஷம் இருந்தது. கடைசி ஒரு வருஷம் ஓடாதாம், கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான்.

இந்த வருஷங்களில் நாங்கள் நாலு பேரும் போனில் பேசாத வாரம் கிடையாது. என்ன பேசுவோம்? குறைதான். ஒருத்தனுக்கு மேலாளர், ஒருத்தனுக்கு வீட்டுக் கடன், எனக்குப் பெங்களூர் சில்க் போர்டு சிக்னல். கல்லிடைக்குறிச்சிக்காரன் மஸ்கட்டில் இருந்துகொண்டு அங்கே கிடைக்கும் அப்பளத்தைத் திட்டுகிறான். கோவில்பட்டிக்காரனும் எல்லாவற்றையும் குறை சொல்வான், என் சட்டை நிறம் உட்பட. அந்தத் தேர்வு நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

2021 ஆகஸ்ட் 5, காலை ஏழு மணி. டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே ஜெர்மனி. கொரோனா காலம், நாலு பேரும் நாலு ஊரில் வீடியோ அழைப்பில். 1-3 என்று பின்தங்கியபோது பத்தமடைக்காரன் “நான் குளிக்கப் போறேன்” என்று எழுந்தான். “ஒக்காருலே!” என்று மூன்று பேரும் கத்தினோம். 3-3. பிறகு 5-3. பிறகு 5-4. கடைசி ஆறு வினாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அதே வியாதி வாசலில் வந்து நிற்கிறது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980 மாஸ்கோவில் நம்ம சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு, 41 வருஷம் கழித்து ஒரு பதக்கம். ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அழுதேன். போன் திரையில் கோவில்பட்டிக்காரனைத் தேடினால், வெறும் கூரைதான் தெரிகிறது. போனைக் கீழே போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான்.

அடுத்த வருஷம், 2022 மே மாதம், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரன் இந்திய அணியில். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் அணியில். பாகிஸ்தானோடு முதல் ஆட்டம், கார்த்தி கோல். கடைசியில் பாகிஸ்தான் சமன் செய்துவிட்டது, வியாதி அவ்வளவு சுலபத்தில் போகுமா! அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அவன் தனியாக எனக்குப் போன் செய்தான்.

“நம்ம ஊர்ப் பய இந்தியா சட்டை போட்டிருக்காம்டே.”

“பார்த்தேன்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நீ அன்னைக்குச் சொன்னது சரிதாம்ல. எனக்கு அந்த ஸ்பீடு கெடையாது” என்றான்.

பதினைந்து வருஷம் கழித்து அவனாக வந்து எனக்கு மன்னிப்புக் கொடுக்கிறான். என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த வேகம் அவனுக்கு இருந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தேர்வுக்குப் போயிருந்தால் அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, ஹாக்கி சோறு போடுமா என்பதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று. நேர்முகத்துக்கு வேறு நேரம் தருவீர்களா என்று அந்தக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. டிபார்ட்மென்ட் படி ஏறி சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடியாது என்று சொல்லியிருப்பார்கள், சொல்லட்டுமே. மெஸ் சாம்பாருக்காக வார்டன் அறை முன்னால் மணிக்கணக்கில் நின்றவர்கள் நாங்கள். அதற்குப் போய் நிற்கவில்லை.

அவன் இங்கேதான் இருக்கிறான். கடைசி வரிசையில், கட்டம் போட்ட சட்டை. பேர் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருப்பதால் சொல்லவில்லை. சென்னையிலிருந்து காரில் பதினான்கு ஹாக்கி மட்டை கொண்டு வந்திருக்கிறான். நம் கல்லூரியில் இப்போது ஹாக்கி அணி இல்லை என்று கேள்விப்பட்டு வாங்கியது. நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருப்பான். நாங்கள் மூன்று பேரும் முழங்கால் விட்ட வரைக்கும் ஓடுவோம். கேன்வாஸ் ஷூ இருந்தால் போதும், ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பந்து பொறுக்கத்தான் இப்போது கார்னர் இல்லை, அடித்தவனே ஓடிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு ஆறுகிறது.