ஒரே நீரில் நம் குழந்தைகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாகபுரியின் கோடையைப் பற்றி உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களில் நம் குழந்தைகள் கூண்டுக் கிளிகள்போல் வீட்டினுள் அடைந்து கிடந்தனர். இப்பொழுது நம் குடியிருப்பை அடுத்த பூங்காவில் நீர் பீச்சும் விளையாட்டுத் தளம் ஒன்று அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் ஸ்பிளாஷ் பேட் என்பர். தரையிலிருந்து நீர் பீறிட்டு எழும், குழந்தைகள் நனைவர், நீரோ உடனே வடிந்துவிடும். கணுக்காலளவு நீரும் தேங்காமையால் மூழ்கும் அச்சம் மிகக் குறைவு. மாலை ஐந்து மணி அடித்தால் துண்டும் மாற்றுடையும் ஏந்திக் குழந்தைகளின் பின்னே ஓடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

ஆனால் அண்மையில் நம்மிடையே ஒரு பேச்சு எழுந்துள்ளது. இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள குடிசைப் பிள்ளைகளும் அங்கு வருகின்றனர். அவர்களால் நீர் கெடும். ஆதலின் வாயிலில் அடையாளச் சீட்டுக் கேட்க வேண்டும் என்று மனு ஒன்று கையொப்பத்திற்காகச் சுற்றி வருகின்றது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

நீர் கெடும் என்னும் அச்சம் வீண் அச்சமன்று. இத்தகைய தளங்கள் பலவற்றில், வடிந்த நீரே நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து மீண்டும் மேலே வருகின்றது. துளித்துளியாய்ச் சிதறிப் பறக்கையில் அந்தக் குளோரின் விரைந்து குறைகின்றது. மேலும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் குளோரின் கலந்த நீரிலும் ஏழு நாட்களுக்கு மேல் உயிர்வாழ வல்லது. 2005-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனக்கா ஏரிப் பூங்காவின் நீர்த்தளத்தில் விளையாடியோர் ஆயிரக்கணக்கில் இக்கிருமியால் வயிற்றுப்போக்குக்கு ஆளாயினர். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே அது நிகழ்ந்தது. நீரைக் கெடுத்தது வறுமை அன்று. நோயுற்ற உடலினின்று வந்த கிருமி.

எம் அலுவலகத்தில் நாள்தோறும் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டுகின்றோம். சீட்டைப் படித்தால் பெட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரியும். உள்ளிருக்கும் பழம் அழுகியதா என்பது தெரியுமா? அவ்வாறே, குழந்தையின் வீட்டு முகவரி அதன் வயிற்றின் நலத்தைக் கூறிவிடாது.

நம் பாண்டி நாட்டு ஊருணிகளை முதியோர் அறிவர். குடிநீர் ஊருணியில் கால் கழுவலாகாது, மாட்டை இறக்கலாகாது. கட்டுப்பாடே அந்நீரைக் காத்தது. ஆயினும், அவற்றுள் பலவற்றில் நம்மவருள் ஒரு சாரார் குடத்தை இறக்கவும் இயலாதிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலோ, 1927 மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். பொதுக் குளத்து நீரைப் பருகும் உரிமைக்காக நடந்த வழக்கு 1937-ஆம் ஆண்டில்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவுற்றது. அத்தகைய மண்ணில் வாழ்ந்துகொண்டு, நீருக்கு வாயிற்காவல் வைக்கும் மனுவில் தமிழர் பெயர் இடம்பெறலாமோ? நாமும் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்தவர்கள்தாமே!

ஆதலின் எல்லா வீட்டாருக்கும் ஒரே கட்டுப்பாடு வேண்டும். வயிற்றுப்போக்குள்ள குழந்தையை, அழுது அடம்பிடித்தாலும், அழைத்து வரலாகாது. கிரிப்டோஸ்போரிடியம் நோய் என்று மருத்துவர் கண்டறிந்திருந்தால், போக்கு நின்ற பின்னும் இரண்டு வாரம் பொறுத்தல் வேண்டும். நீரில் இறங்குமுன் உடலைக் கழுவி விடுக. மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்க. டயப்பர் அணிந்த மழலையை நீர் பீச்சும் துளையின்மேல் அமரவிடாதீர். நீரை விழுங்கலாகாது என்று அன்பாகச் சொல்லிப் பழக்குக. ஈரத் தரையில் ஓடினால் வழுக்கும்; ஒரு கண் எப்பொழுதும் பிள்ளைமீது இருக்கட்டும்.

சங்கத்தின் பெயரால் வேறொரு மனு எழுதி வந்துள்ளோம். நாள்தோறும் குளோரின் அளவைச் சோதித்துப் பலகையில் எழுதுக. வாயிலருகே குளியல் குழாயும் கழிப்பறையும் அமைத்திடுக. விதிகளை மராத்தியிலும் இந்தியிலும் எழுதி வைத்திடுக. வாயிலை எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்தே வைத்திடுக. இவை நான்குமே நம் வேண்டுகோள். மேடைக்கு இடப்புறமுள்ள மேசைமீது அது வைக்கப்பட்டுள்ளது. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் அன்பர்கள் படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையொப்பமிட வேண்டுகின்றோம்.