வண்டித் தொடரும் வழிக்காவலும்



மரக்காணத்து உப்பளங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, வெண்மணற் குன்றுபோல் உப்புக் குவிந்து கிடக்கும். அந்த உப்பை இன்று லாரிகள் ஏற்றிச் செல்கின்றன. சங்க காலத்தில் இத்தகைய நெய்தல் நிலங்களிலிருந்து உமணர் என்னும் உப்பு வணிகர் எருது பூட்டிய வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு உள்நாடு நோக்கிச் சென்றனர். அவர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். சேம அச்சு என்பது அதன் பெயர். மேடும் பள்ளமும் எங்கே வருமென்று தெரியாத வழிக்கு, முன்னரே எண்ணி அமைத்துக்கொண்ட பாதுகாப்பு அது.

பட்டாளத்து வண்டித் தொடரைச் சாலையோர வெடிகுண்டிலிருந்து காப்பதற்கு விஞ்ஞானமும் இன்று அத்தகைய சேம அச்சு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. உமணன் கடந்த பள்ளம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குண்டு வைப்பவனோ வண்டியையும் அதன் காப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்த்தபின் தன் முறையை மாற்றிக்கொள்கிறான்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரை, சேலம், கிருஷ்ணகிரி வழியாக வடக்கே ஏறி ஸ்ரீநகர் வரை செல்கிறது. அந்தச் சாலையில்தான், காஷ்மீரத்துப் புல்வாமா மாவட்டத்தில், 2019 பிப்ரவரி 14ஆம் நாள், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வண்டித் தொடர்மீது வெடிமருந்து நிறைந்த கார் ஒன்று மோதி வெடித்தது. 78 வண்டிகளில் ஏறத்தாழ 2,500 பேர் சென்றுகொண்டிருந்தனர். 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தவர். மற்றொருவர் அரியலூர் மாவட்டத்தவர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலங்கை ராணுவ ரோந்து வண்டியைக் கண்ணிவெடியால் தாக்கிய பதுங்குதலில் 13 சிப்பாய்கள் மாண்டனர். அதைக் காரணமாகக் காட்டிக் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமையை வரலாறு படிப்போர் அறிவர். பின்னர் 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையும் கண்ணிவெடிக்குப் பலரைப் பலி கொடுத்தது.

வண்டியின் உடலையே மாற்றியமைப்பது விஞ்ஞானம் கண்ட முதல் வழி. நம் மீனவரின் படகை நினைத்துப் பாருங்கள். அதன் அடி கூராக இருப்பதால் அலை பிளந்து இருபுறமும் ஒதுங்குகிறது. தட்டையான பலகையாயின் அலை முழு வேகத்தோடு அறையும். 1970களில் தென்னாப்பிரிக்காவிலும் ரொடீசியாவிலும் இதே தத்துவத்தைக் கொண்டு, அடிப்பகுதி ஆப்புப்போல் குவிந்த கவச வண்டிகளைச் செய்தனர். கீழிருந்து எழும் வெடிப்பு இருபக்கமும் சரிந்து போகும். வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தியும் அமைத்தனர். வெடியின் அழுத்தம், அண்மையில், ஏறக்குறைய தூரத்தின் கனத்திற்கேற்பக் குறைகிறது. அதாவது தூரம் இருமடங்கானால் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிறது. கணிதம் உயிர் காக்குமா என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருக்கைகளைத் தரையில் பொருத்தாமல் பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவதும் உண்டு; தரைத்தகடு மேலெழுந்து தாக்கினாலும் அந்த அதிர்ச்சி முதுகெலும்பை நேரே சென்று முறிக்காது.

காஸ்பிர் என்ற தென்னாப்பிரிக்க வண்டி, சக்கரத்தின் கீழ் 21 கிலோவும் உடலின் கீழ் 14 கிலோவும் வெடித்தால் தாங்குமாறு அமைக்கப்பட்டது. இந்தியா அதை வாங்கியது. பின்னர் மேடக் தொழிற்சாலையில் இவ்வகை வண்டிகளைத் தானே செய்தது. அத்தொழிற்சாலை 2021 முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

எதிரி என்ன செய்தான்? மருந்தைக் கூட்டினான். 2018 மார்ச் 13ஆம் நாள் சத்தீஸ்கரின் சுக்மா மாவட்டத்தில் இத்தகைய காப்பு வண்டி ஒன்றே தூக்கியெறியப்பட்டு 9 பேர் இறந்தனர். வண்டியில் குறையென்று இதைச் சொல்ல மாட்டேன். குறித்த எடைக்குக் கட்டிய பாலத்தின்மேல் பன்மடங்கு பாரத்தை ஏற்றினால் அது என்ன செய்யும்?

இன்னொரு கருவி வானொலி அலைகளைப் பற்றியது. உங்கள் இல்லத்துக்கு என் பேச்சைக் கொண்டுவரும் அதே இனத்து அலையைக் கொண்டுதான் தொலைவிலிருந்து குண்டை வெடிக்கச் செய்கின்றனர். வண்டித் தொடரில் செல்லும் தடுப்புக் கருவி அந்த அலைவரிசையில் பேரிரைச்சலை எழுப்புகிறது. திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் அழைப்பது காதில் விழாதல்லவா? அதுபோல் குண்டின் ஏற்பிக்கு ஆணை எட்டாது. ஈராக்கில் 2003க்குப் பின் அமெரிக்கப் படையினர் இதைப் பெருமளவில் நம்பினர். இதற்கும் விலை உண்டு: கவனமாக அமைக்காவிடில் சொந்தப் படையின் பேச்சுக்கருவிகளும் செவிடாகும். சத்தீஸ்கரின் காடுகளில் பெரும்பாலும் நீண்ட மின்கம்பியால் வெடிக்கச் செய்தனர். கம்பி எந்த இரைச்சலுக்கும் அஞ்சாது. அங்கே நவீனக் கருவியைப் பழைய முறை வென்றுவிட்டது.

புதைத்ததை முன்னரே கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், எல்லாவற்றிலும் கடினமானதும் அதுவே. உலோகம் தேடும் கருவி உண்டு. மண்ணுக்குள் அலையைச் செலுத்தி எதிரொலியைப் படிக்கும் ராடாரும் உண்டு. இவற்றின் அருமை பெருமைகளை அறிய மரக்காணத்து மண்ணே நல்ல சோதனைச்சாலை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிச் சோதனையில் நீங்கள் கண்டது. ஈரமும் உப்பும் சேர்ந்த மண்ணில் ராடார் அலை ஆழம் போகுமுன்னரே தேய்ந்துவிடும். உலோகம் தேடும் கருவியோ, ஒன்றுமில்லாத இடத்திலும் உப்பு மண்ணின் கடத்துதிறனால் குழம்பிக் கூவக்கூடும். கடலடியில் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சாதாரண வானொலி எட்டாததும் இதே காரணத்தால்தான். அதற்காகவே திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம் மிக நீண்ட அலைகளை அனுப்புகிறது. ஆனால் அத்தனை நீண்ட அலையைக் கொண்டு மண்ணுக்குள் ஒரு சிறு பொருளைக் காண இயலாது. ஆழம் வேண்டுமானால் நுட்பம் போகும். நுட்பம் வேண்டுமானால் ஆழம் போகும்.

ஆகையால் ராஜஸ்தானத்து வறண்ட மணலில் நன்றாக வேலை செய்யும் கருவி, ஆனையிறவின் உப்புக்கரையிலும் அப்படியே செய்யுமென்று எண்ணக்கூடாது. ஆனையிறவை அடுத்த முகமாலையில், போருக்குப் பின் கண்ணிவெடி அகற்றிய தொழிலாளர் மண்ணைக் கைவாரியால் மெல்ல மெல்ல வாரித் தேடினர். அவர்களில் பெண்களும் பலர். உப்பளத்துப் பெண்கள் பலகை பிடித்து உப்பு வாருவது உங்கள் நினைவுக்கு வரலாம். இங்கே அவசரப்பட்டால் கை போய்விடும்.

வண்டியைக் கெட்டியாக்குவதைவிட, வண்டியில் போகாமலிருப்பதே மேலென்று கண்ட இடங்களும் உண்டு. 2023 ஏப்ரல் 26ஆம் நாள் தந்தேவாடா மாவட்டத்தில், காப்பில்லாத வாடகை வண்டியில் திரும்பிய காவலர் 10 பேரும் ஓட்டுநரும் மாண்டனர். காட்டில் கால்நடையாகப் போக வேண்டுமென்ற விதி படையினருக்கு அடிக்கடி நினைவூட்டப்படுவது இதனால்தான். களைத்துத் திரும்பும் மனிதனுக்கு வண்டியைக் கண்டால் ஏறத் தோன்றும்; அவனை வீட்டிலிருந்து குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காஷ்மீரத்தில், புல்வாமா நிகழ்ச்சியின் ஒரு வாரத்துக்குள், எல்லாத் தரத்துக் காவற்படையினரும் டில்லிக்கும் ஸ்ரீநகருக்கும், ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்குமிடையே விமானத்தில் செல்ல அரசாங்கம் அனுமதித்தது. ஏப்ரல் முதல், வாரத்தில் இரு நாள் அந்நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் பொதுமக்கள் வாகனங்களை நிறுத்தவும் செய்தது. படிக்கப் போகிறவரும் மருத்துவமனைக்குப் போகிறவரும் இடருற்றனர், எதிர்ப்பு எழுந்தது, ஏற்பாடும் பின்னர் விலக்கப்பட்டது. பாதுகாப்புக்காக ஊராரை வருத்தும் சாலையில், நாளை எதையேனும் கண்டவர் வந்து சொல்லத் தயங்குவார் என்பது என் கருத்து.

இத்தனை கருவிகளுக்கும் முன்னால் வழி திறக்கும் அணி என்றொரு சிறு கூட்டம் செல்கிறது. தொடர் புறப்படுமுன், விடியற்காலையில், சாலையின் இருபுறமும் அவர்கள் நடக்கிறார்கள். ஒவ்வொரு மதகடியிலும் குனிந்து பார்க்கிறார்கள். புதிதாகக் கிளறிய மண்ணையும் நேற்றில்லாத கல்லையும் தேடுகிறார்கள். கையில் உலோகம் தேடும் கருவி. பக்கத்தில், பெங்களூரை அடுத்த தரளுப் பள்ளியில் பழக்கிய நாய் ஒன்று இருக்கலாம். ஆப்பு வடிவ வண்டி அவர்களுக்கு இல்லை. வண்டிகள் யாவும் கடந்து போகும்வரை வெயிலிலும் பனியிலும் சாலையோரம் நிற்கிறார்கள்; கடைசி வண்டி போனபின்னரே அவர்களுக்குத் திரும்ப உத்தரவு வருகிறது.