ஈரமுள்ள சொற்கள்

(லூமுட் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



இவ்வூரின் பெயரிலிருந்தே என் உரையைத் தொடங்குகிறேன். 'லூமுட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்பது பொருள். ஈரம் உள்ள இடத்திலேதான் பாசி படரும் என்பதை விடியற்காலையில் பால்மரத்தடியில் நிற்கும் உங்களுக்கு நான் கூற வேண்டுவதில்லை. தமிழில் ஈரம் என்பது நீர்ப்பசையை மட்டும் குறிப்பதன்று, இரக்கத்தையும் குறிக்கும். இரக்கமற்றவனை 'நெஞ்சில் ஈரமில்லாதவன்' என்று இன்றும் கூறுகிறோம். கருணையைக் குறிக்கும் 'தண்ணளி' என்ற சொல்லிலும் தண்மை, அதாவது குளிர்ச்சி, இருக்கிறது. வெயில் மிகுந்த நாட்டு மக்கள் குளிர்ச்சியைக் கொண்டே கருணைக்குப் பெயரிட்டனர்.

அன்பும் அருளும் ஒன்றெனப் பலர் எண்ணுவர். திருவள்ளுவர் அவற்றை வேறு வேறு அதிகாரங்களில் வைத்தார். அன்புடைமை இல்லறவியலில் 8ஆம் அதிகாரம். அருளுடைமை துறவறவியலில் 25ஆம் அதிகாரம். நம்மோடு தொடர்புடையவர்மீது செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்கள்மீதும் செல்வது அருள் என்பது உரையாசிரியர் கருத்து. 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்று அச்சொல்லைக் 'கருத்து' என்ற பொருளில் வழங்குகிறோம். பிறர் துன்பத்தைக் கண்டு இரங்குதலே அதன் பழைய பொருள். இவ்வதிகாரம் அரசியல் என்னும் பகுதியில் அமைந்துள்ளது. ஆகவே, பிறரை வேலை வாங்கும் பொறுப்பில் உள்ளோர்க்கு இப்பண்பு மிகவும் வேண்டுவதாகும்.

நம் அண்டை வீட்டாரின் மொழியையும் பார்ப்போம். மலாய் மொழியில் 'புடி' என்றால் நற்பண்பு, செய்த உதவி. அது வடமொழியின் 'புத்தி' என்ற சொல்லே. நமக்கு அறிவாக நின்ற சொல், அவர்களிடம் உதவும் குணமாக வளர்ந்தது. 'ஹுத்தாங் புடி' என்பது நன்றிக்கடன். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும் ஆகும். அதில் வரும் 'சுசிலா' என்ற சொல்லில் நாம் அறிந்த 'சீலம்' இருக்கிறது. நல்லெண்ணத்தைக் குறிக்கும் 'முஹிபா'வோ, அன்பைக் குறிக்கும் அரபுச் சொல்லடியிற் பிறந்தது. இவ்வாறு பல கரைகளிலிருந்து வந்த சொற்கள் இந்நாட்டில் ஒன்றுகூடி வாழ்கின்றன.

'தெரிமா காசே' என்பதற்கு 'அன்பை ஏற்றுக்கொள்' என்பது நேர்ப்பொருள். நாம் கூறும் 'நன்றி'க்கோ நன்மை என்பதே முதற்பொருள். 'செய்ந்நன்றி' என்றால் ஒருவர் செய்த நன்மை. ஆகவே, செயல் முந்தியது, வாய்ச்சொல் பிந்தியது.

நண்பர்களே! இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மோடு வேலை செய்கின்றனர். மொழி தெரியாத அவர்களுள் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவர் யார்? நம் பாட்டனும் பாட்டியும் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் அவர்களும் இப்படித்தான் நின்றார்கள். நம்மவர்க்குச் செய்வது அன்பு. அந்த அயலவர்க்கும் செய்யும்போதுதான் அது அருளாகிறது. நாளைக் காலை வேலைக்களத்தில் அவரைப் பார்க்கும்போது ஒரு நல்ல சொல்லாவது கூறுங்கள். அவருக்கு ஒரு தேவை வரும்போது உடன் நில்லுங்கள்.