இதுல நான் எங்க குந்துவேன்?

ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருந்தா, ஒரு காட்சியைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ராத்திரி ரெண்டு மணி, கையில கட்டர், விரல்ல பேண்டேஜ், சட்டையெல்லாம் ஃபெவிகால். "என்னடா பண்ற?"ன்னு கேட்டா, "மாடல்"னு ஒரே வார்த்தையில பதில் வரும். இன்னைக்கு அந்த மாடல் பத்திதான் பேசப்போறேன். குறிப்பா, நான் செஞ்சதுலயே ரொம்ப அழகா வந்த ஒரு மாடல், எப்படி தப்பா போச்சுன்னு.

நான் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு காலேஜ்ல படிச்சேன். மூணாவது வருஷம் எங்களுக்கு வந்த ப்ராஜெக்ட், கோவளம் கடற்கரையில மீன் விக்கிறவங்களுக்கும் வலை பின்றவங்களுக்கும் ஒரு பொதுக்கூடம். ஆறு பேர் கொண்ட டீம். சைட் பார்க்க ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைக்குள்ள கோவளம், முட்டுக்காட்டுல தக்ஷிணசித்ரா, சாயங்காலம் மாமல்லபுரம்னு மூணு இடம் பார்க்கணும்.

நாங்க கோவளம் போய்ச் சேர்ந்தப்போ மணி பதினொன்னு. வியாபாரம் முடிஞ்சு தரையைக் கழுவி விட்டுட்டாங்க. ஆளே இல்லாத மணல், நீலக் கடல், வரிசையா ஃபைபர் படகு. போட்டோ எடுத்தோம், டேப் வச்சு அளந்தோம், கிளம்பிட்டோம். அன்னைக்கு நாங்க பண்ண முதல் தப்பு அதுதான்னு அப்போ தெரியல.

சரி, பட்டறைக்கு வருவோம். முதல்ல ஸ்கேல் முடிவு பண்ணணும். நாங்க எடுத்தது 1:100. நிஜத்துல ஒரு மீட்டர்னா மாடல்ல ஒரு சென்டிமீட்டர். கணக்கு ஈஸி, ஆனா அதுல ஒரு குழி இருக்கு. கடையில சுலபமா கிடைக்கிறது 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு. 1:100ல அது அரை மீட்டர் கனமான சுவர் ஆயிடும். நிஜச் செங்கல் சுவர் 9 இன்ச்தான், அதாவது மாடல்ல ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதனால சுவருக்கு மவுண்ட் போர்டு, தரை மட்டத்துக்கு கார்க் ஷீட், அடியில எம்.டி.எஃப் பலகை.

வெட்டுறதுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்றேன், புதுசா செய்றவங்க குறிச்சுக்கோங்க. ஒரே அழுத்துல வெட்டாதீங்க. இரும்பு ஸ்கேல் வச்சு மூணு தடவை லேசா இழுங்க. பிளேடு மொக்கையானா நுனியை உடைச்சுடுங்க. விரல் வெட்டுப்படுறது பெரும்பாலும் மொக்கை பிளேடாலதான், ஏன்னா அதைத்தான் நாம பலமா அழுத்துவோம். ஃபெவிகாலை மெலிசா தடவுங்க. கெட்டியா தடவினா அட்டை ஈரத்தை உறிஞ்சி வளைஞ்சிடும், நம்ம ஊர் புழுக்கத்துல இன்னும் சீக்கிரமா வளையும்.

ரெண்டு வாரம் செஞ்சோம். முழுக்க வெள்ளை. கூடத்தோட கிழக்குப் பக்கம் முழுசா திறப்பு, நாலு மீட்டர் உயரம், ஏன்னா அந்தப் பக்கம்தானே கடல்! வியூ வேணாமா? பீர்க்கங்காய் நாரைப் பிச்சு சவுக்கு மரம் வச்சோம். மேலேயிருந்து போட்டோ எடுத்தா, சத்தியமா மேகஸின் அட்டைப்படம் மாதிரி இருந்தது. ரிவ்யூல எல்லாரும் சுத்தி நின்னு குனிஞ்சு பார்த்து பாராட்டினாங்க. ஃபைனல் ஜூரிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

எங்க சார் மட்டும் ஒன்னு சொன்னார். "நல்லாருக்கு. இதை அங்க எடுத்துட்டுப் போய் காட்டுங்க."

மாடலைத் துணியில கட்டி, மடியில வச்சு, கேளம்பாக்கம் வழியா காலையில ஆறரைக்கு கோவளத்துல இறங்கினேன். கண்டக்டர் "பொம்மை வீட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போடட்டுமா?"ன்னு சிரிச்சார். அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அந்த இடத்தை அது வேலை செய்யிற நேரத்துல பார்த்தேன். படகு வந்து இறங்குது, ஏலம் நடக்குது, அன்னக்கூடையும் ஐஸுமா நடக்க இடமில்ல. எதிர்ல சூரியன், கண்ணைத் திறக்க முடியல.

ஒரு அக்கா மீன் வித்துட்டிருந்தாங்க. கூட்டம் குறைஞ்சதும் மாடலைக் காட்டினேன். எல்லாரும் மேலேயிருந்துதானே பார்ப்பாங்க? அவங்க உட்கார்ந்த இடத்துலேயே இருந்து, தலையைச் சாய்ச்சு, கண்ணை அந்தத் திறப்புக்கு நேரா கொண்டு வந்தாங்க.

"இதுல நான் எங்க குந்துவேன் தம்பி?"

கூடத்துக்குள்ள விரல் வச்சுக் காட்டினேன்.

"காலையில வெயிலு கடல் பக்கத்துலேர்ந்துதானே வரும்? மூஞ்சிலயே அடிக்குமே. மீனு இன்னாத்துக்கு ஆவும்?"

நான் பதில் சொல்லாம மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி, கிழக்குப் பக்கம் தாழ்வா பிடிச்சேன். கூடத்தோட அகலம் ஒன்பது மீட்டர். வெளிச்சம் கிட்டத்தட்ட பின்சுவர் வரைக்கும் போச்சு. அப்புறம் ரூமுக்கு வந்து கணக்குப் போட்டேன். மார்ச் மாசம் காலை எட்டு மணிக்கு இங்க சூரியன் சுமார் 26 டிகிரி உயரத்துல இருக்கும். நாலு மீட்டர் திறப்பு வழியா வெயில் எட்டு மீட்டர் உள்ள வரும். பத்து செகண்ட் டார்ச் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். எங்க பட்டறையில டியூப் லைட் உச்சியில இருந்தது. மாடல் மேல எப்பவும் நடு மதியம்தான்.

பக்கத்துல இருந்த ஒரு அண்ணன், படகு இறக்க நாங்க விட்ட வழியைப் பார்த்தார். மூணு மீட்டர். படகு போயிடும். "படகு போவும். தள்றவன் எங்க நிப்பான்?"னு கேட்டார். ரெண்டு பக்கமும் நாலு நாலு பேர் தோள் கொடுக்கணும்னு ட்ராயிங்ல எங்கயும் இல்ல. எங்க மாடல்ல ஒரு மனுஷன் கூட இல்ல. 1:100ல ஒரு ஆள் ஒன்னரை சென்டிமீட்டர்தான், ஒரு குண்டூசி போதும். அழகு கெடும்னு வைக்கல.

திரும்பி வரும்போது மாமல்லபுரத்துல பார்த்த பஞ்ச ரதங்கள் ஞாபகம் வந்தது. திரௌபதி ரதம் அப்படியே ஒரு ஓலைக் குடிசையோட உருவம், ஆனா ஒத்தைக் கல்லு. பல்லவர் காலச் சிற்பிகள் உச்சியிலேர்ந்து கீழே செதுக்கிட்டு வந்திருக்காங்க. வெட்டின கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. எங்க கையில இருந்தது வெறும் அட்டை, எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். ஆனா ஃபெவிகால் காய்ஞ்சதும் நாங்க அதைப் பாறை மாதிரிதான் பார்த்தோம். ரெண்டு வார உழைப்பு, தொட மனசு வரல.

ஸ்பெயின்ல கௌடினு ஒரு ஆர்க்கிடெக்ட். கொலோனியா குவெல் சர்ச்சுக்கு அவர் செஞ்ச மாடல் கூரையிலேர்ந்து தொங்குற கயிறுகள்தான். கயித்துல ஈயக்குண்டு போட்ட சின்னச் சின்னப் பைகள். எடையை மாத்தினா கயிறு வளையிற விதம் மாறும், அதைத் தலைகீழா திருப்பினா வளைவுகளோட வடிவம். சுமார் பத்து வருஷம் அதுல வேலை செஞ்சார். தொட்டா மாறுற மாடல்.

நாங்க அந்த வெள்ளை மாடலை ஓரமா வச்சுட்டு, ஆன்லைன் ஆர்டர் வந்த பழுப்பு அட்டைப் பெட்டியை வெட்டி இன்னொன்னு செஞ்சோம். பசையே கிடையாது, எல்லாம் குண்டூசி. அதை எடுத்துட்டு மறுபடி கோவளம் போனோம். அக்கா ஒரு சுவரையே பிடுங்கி வேற பக்கம் குத்தினாங்க. கிழக்குப் பக்கம் கூரையைத் தாழ்வா இறக்கினோம். அதுக்குக் கீழே செங்கல் ஜாலி. தக்ஷிணசித்ராவுக்கு முதல் வடிவமைப்பு கொடுத்த லாரி பேக்கர் நிறைய பயன்படுத்தின விஷயம் அது. கடல் காத்து வரும், கண்ணைக் கூசுற வெயில் வராது. படகு வழி ஆறு மீட்டர் ஆச்சு.

ஜூரிக்கு ரெண்டு மாடலையும் பக்கத்துல பக்கத்துல வச்சோம். "ஃபினிஷ் இல்லையே"ன்னு பழுப்பு மாடலுக்கு மார்க் குறைஞ்சது. இல்லைன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலிச்சது. அந்தக் கூடமும் கட்டப்படல, அது வெறும் ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்தான்.

ஆனா இப்ப நான் வேலை செய்யிற இடத்துல, எந்த மாடல் செஞ்சாலும் முதல்ல ஒரு குண்டூசியைக் குத்தி வைப்பேன். அப்புறம் லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைக் கிழக்குல பிடிச்சு, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்குவேன். நீங்க ஸ்டூடன்ட்டா இருந்தா இன்னைக்கு ராத்திரியே பண்ணிப் பாருங்க. வீடு வாங்கப் போறீங்க, பில்டர் ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மாடல் காட்டுறாங்கன்னாலும் அதேதான். குனிஞ்சு பாருங்க. அக்கா கேட்ட கேள்வியைக் கேளுங்க.