பரண் கேசட்டுகளுக்கு ஓர் ஆடாசிட்டி



கல்யாண வீட்டு நாதஸ்வரம், வளைகுடாவிலிருந்து மாமா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, பாட்டியின் தாலாட்டு என்று பல வீட்டுப் பரண்களில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்ற வழி கேட்பவர்களுக்கு நான் சொல்லும் மென்பொருள் ஆடாசிட்டி. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மஸோனியும் ராஜர் டானன்பர்க்கும் 1999இல் தொடங்கிய வேலை இது.

பார்க்க அழகாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். திறந்ததும் பட்டன் கூட்டம் மிரட்டும். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதிவாகும்; முதல் நாளுக்கு அது தெரிந்தால் போதும்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கணினிக்கு இழுங்கள். லேப்டாப் என்றால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று தேவைப்படலாம். டேப் ஓட ஓட, குரல் மேடும் பள்ளமுமாகத் திரையில் விரியும். மேட்டின் தலை விளிம்பில் முட்டி மொட்டையானால் ஒலி சிதைந்துவிட்டது என்று பொருள். அதைப் பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு. ரிவைண்ட் செய்து, வால்யூமைக் குறைத்து, மறுபடி பதிவதே மேல்.

அடுத்தது இரைச்சல். பேச்சு தொடங்குமுன் டேப் வெறுமனே 'ஸ்ஸ்' என்று ஓடுமே, அந்த ஓரிரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டவேண்டும். பின்பு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்தால், அந்தச் சாயலுள்ள ஒலியை மட்டும் அது தணிக்கும். இங்கேதான் கை அடங்கவேண்டும். தணிப்பை 6 டெசிபலில் தொடங்குங்கள். ஆசைப்பட்டு ஏற்றினால், குடத்துக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகிவிடும் குரல். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சுக்கு நடுவே வரும் மூச்சையெல்லாம் தேடித்தேடி வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். மூச்சு விடாமல் கதை சொன்ன பாட்டி எந்த ஊரில் இருந்தாள்?

2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் ஆடாசிட்டியை வாங்கியது. பயனர் விவரம் சேகரிக்கும் ஏற்பாடு ஒன்றை நுழைக்கப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. அந்தச் சலசலப்பில் சிலர் மூலநிரலை எடுத்துக்கொண்டு, டெனாசிட்டி என்று தனிக்குடித்தனமே போனார்கள். மூலநிரலைப் பூட்டிவைத்து விற்கும் மென்பொருளில் கோபித்துக்கொள்ளலாம். இப்படிப் பிரிந்துபோக முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். 'சேவ்' கொடுத்தால் கிடைப்பது ஆடாசிட்டியின் சொந்தக் கோப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அத்தைக்குத் திறக்காது. அனுப்புவதற்கு எம்பி3 ஆகவும், பாதுகாப்பதற்கு வேவ் ஆகவும் 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். ஒரு மணி நேரக் கேசட் வேவ் வடிவில் ஏறக்குறைய 600 எம்.பி. பிடிக்கும். எதையும் வெட்டாத முதல் பதிவையும் ஒரு பென் டிரைவில் தனியாக வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.